பழைய தண்டுவடக் காயத்தில் புதிய ஆபத்து: சார்கோ முதுகெலும்பும் தண்டுவட நீர்க்குழியும்

மார்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இழந்தவருக்குக் கால்கள் அடிக்கடி இழுத்துக்கொள்ளும். படுக்கையில் புரட்டும்போது முழங்கால் மடங்கும். சக்கர நாற்காலியில் ஏற்றும்போது தொடை விறைக்கும். பாதம் தானாக உதறும். இந்த இறுக்கத்தைத் தணிக்கப் பல ஆண்டுகள் பேக்லோஃபென் மாத்திரை விழுங்கி வந்திருப்பார். விபத்து நடந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு கட்டத்தில் அந்தக் கால்கள் தொய்ந்துவிடுகின்றன. இழுப்பு நின்றுவிட்டது, காலைத் தூக்கி வைப்பது சுலபமாகிவிட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி. மாத்திரையைக் குறைத்துவிடலாமே என்றுகூடப் பேசிக்கொள்வார்கள்.

தண்டுவடக் காயத்தோடு பழகிய மருத்துவருக்கு இந்தச் செய்தி நல்ல செய்தி அல்ல. கால் இழுத்துக்கொள்கிறது என்றால், காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் மூளையின் கட்டுப்பாட்டை இழந்திருந்தாலும் தன்னளவில் உயிரோடு வேலை செய்கிறது என்று பொருள். அந்த இறுக்கம் காரணமில்லாமல் மறைந்தால், கீழே இருக்கும் தண்டுவட நுனியோ அதிலிருந்து இறங்கும் நரம்புகளோ புதிதாக நசுங்கத் தொடங்கியிருக்கலாம். நோயாளிக்கு வலி தெரியாத இடத்தில், முதுகெலும்பே உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

தண்டுவடக் காயம் ஒரு நாளில் நேர்ந்து அன்றோடு முடிந்துவிட்டது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தார், அறுவை சிகிச்சை நடந்தது, கால் வரவில்லை, இனி இப்படித்தான் என்று வீடு முடிவுகட்டிவிடுகிறது. மருத்துவமனையும் பல நேரங்களில் அப்படியே முடிவுகட்டிவிடுகிறது. அதன்பின் அவர் சொல்லும் எந்தப் புதிய தொல்லைக்கும் பழைய காயமே காரணமாகச் சொல்லப்படுகிறது. கை மரத்தால், முதுகு சாய்ந்தால், வியர்த்துக் கொட்டினால், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு அப்படித்தான் இருக்கும்.' தாமதமாக வரும் அரிய சிக்கல்கள் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு ஸ்கேன் வசதி இல்லாமை ஒரு காரணம்தான். இந்த ஒற்றைப் பதில் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படிப்பட்ட சிக்கல்களில் இரண்டை இங்கே விரிவாகப் பார்க்கலாம். ஒன்று, எலும்பைச் சிதைக்கும் சார்கோ முதுகெலும்பு. மற்றொன்று, தண்டுவடத்துக்கு உள்ளேயே நீர்க்குழி உருவாகி மேல்நோக்கி ஏறும் சிரிங்கோமைலியா.

ழான் மார்ட்டின் சார்கோ பாரிஸின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் மேதை. சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் முற்றித் தண்டுவடத்தின் பின்பகுதி கெட்டுப்போனவர்களுக்கு முழங்கால் போன்ற பெரிய மூட்டுகள் வலியே இல்லாமல் வீங்கி உருக்குலைவதை அவர் 1868-இல் விவரித்தார். நரம்பு கெட்டால் எலும்புக்குக் கிடைக்கும் ஊட்டம் கெடுகிறது, அதனால்தான் மூட்டு அழிகிறது என்பது அவருடைய வாதம். ஜெர்மானிய மருத்துவர்களான ஃபோல்க்மனும் ஃபிர்ச்சோவும் இதை ஏற்கவில்லை. வலி தெரியாத மூட்டு ஓயாமல் அடிபடுகிறது, அந்தச் சிறு சிறு அடிகள் சேர்ந்துதான் அழிவு என்றார்கள் அவர்கள். இரண்டிலும் உண்மை இருப்பதாக இன்று கருதப்படுகிறது. முதுகெலும்பைப் பொறுத்தவரை, ஓயாத அசைவும் சுமையும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன.

பின்னர் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. பெனிசிலின் வந்ததும் சிபிலிஸ் அந்த அளவுக்கு முற்றுவது குறைந்தது. இன்னொரு பக்கம், தண்டுவடக் காயம் பட்டவர்கள் நெடுங்காலம் வாழத் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் தண்டுவடம் துண்டான வீரர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் சீக்கிரமே இறந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு, முறையான பராமரிப்பு இருந்தால் இவர்கள் வாழ முடியும், உழைக்க முடியும், விளையாடவும் முடியும் என்று காட்டியது. ஆயுள் நீண்டபோது, இருபது ஆண்டு கழித்து வரும் சிக்கல்களும் முதன்முறையாகக் கண்ணில் பட்டன. விபத்தில் தண்டுவடக் காயம் பட்டவர்களிடம் சார்கோ முதுகெலும்பு உருவாவதை மருத்துவ இதழ்கள் 1970-களின் கடைசியில்தான் பேசத் தொடங்கின. இன்று இந்த நோய்க்கு முதன்மைக் காரணம் தண்டுவடக் காயம்தான்.

நமக்கு நாள் முழுவதும் முதுகெலும்பு வலிக்காமல் இருப்பதற்குக் காரணம், நாம் அறியாமலே அதைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதுதான். ஒரே நிலையில் உட்கார்ந்தால் இடுப்பை நகர்த்துகிறோம். அதிகம் வளைந்தால் தசை இறுகித் தடுக்கிறது. சிறு சுளுக்கு வந்தாலும் இரண்டு நாள் குனிவதில்லை. காயத்துக்குக் கீழே இந்தக் காவல் எதுவும் இல்லை. வலி எச்சரிப்பதில்லை, தசை தாங்குவதில்லை. அவரோ நாள்தோறும் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் உடலைத் தூக்கிப் போடுகிறார். குனிந்து காலுறை மாட்டுகிறார். பக்கவாட்டில் திரும்பிப் பொருளை எடுக்கிறார். முதல் அறுவை சிகிச்சையில் ஸ்குரூவும் கம்பியும் வைத்து மேலே ஒரு நீண்ட பகுதி இறுக்கப்பட்டிருந்தால், எல்லா வளைவும் அதற்குக் கீழே உள்ள ஓரிரு முதுகெலும்புக் கணுக்களில் வந்து விழுகிறது. கம்பியை ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வளைத்தால் அந்த இடம் அற்றுப்போவது போலத்தான் இதுவும். ஆகவே கீழ்மார்புக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே இந்தச் சிதைவு அதிகம் வருகிறது.

இடுப்பு மூட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப்போவதும் தண்டுவடக் காயத்தின் பின்விளைவுகளில் ஒன்று. அப்படி இறுகியவர் உட்காரும்போது இடுப்பு மடங்க வேண்டிய அளவையும் முதுகே மடங்கி ஈடுகட்டுகிறது. சக்கர நாற்காலியில் சுறுசுறுப்பாக இயங்குபவர்கள், முதல் அறுவையில் முதுகெலும்பின் பின்பக்க எலும்புகள் பெரிதும் அகற்றப்பட்டவர்கள், முதுகு பக்கவாட்டில் கோணியவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு கூடுதல். இதில் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. பிறர் கையை எதிர்பாராமல் வாழ உழைத்தவரின் முதுகெலும்புதான் அதிகம் தேய்கிறது.

தொடக்கத்தில் இது எப்படித் தெரியும்? முதுகு வலி வரலாம். முழுமையான காயம் உள்ளவருக்கு, அதாவது காயத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் அறவே இல்லாதவருக்கு, அதுவும் மங்கலாகவே வரும். பெரும்பாலும் அவர் முதலில் சொல்வது, 'உட்கார்ந்தால் முன்பு போல நிமிர முடியவில்லை' என்பதுதான். நாற்காலியில் உடல் ஒரு பக்கம் சரியும். இரு கையாலும் பிடித்துக்கொள்ளாமல் சாப்பிட முடியாது. கட்டிலுக்கு மாறும்போது முதுகிலிருந்து 'கடக்' என்றோ 'நறநற' என்றோ சத்தம் வரும். பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும் சத்தம் அது. முதுகில் கை வைத்துப் பார்த்தால் எலும்பு எலும்போடு உரசுவது தட்டுப்படும். இந்தச் சத்தத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. நாற்காலியின் போல்ட் தளர்ந்துவிட்டதோ என்று நினைத்து அதை முடுக்குபவர்களும் உண்டு.

உடல் சரிவதால் இடுப்பெலும்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எடை ஏறி, அங்கே படுக்கைப்புண் வரும். எவ்வளவு மருந்து கட்டினாலும் ஆறாத ஒருபக்கப் புண் முதுகெலும்பைப் பார்க்கச் சொல்லும் ஒரு குறிப்பு. சிறுநீர்ப்பையின் போக்கும் மாறும். இத்தனை காலம் தானாகச் சுருங்கிக் காலியாகி வந்த பை, சுருங்காமல் நிரம்பி வழியத் தொடங்கும்.

மார்பின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்கு இன்னொரு அடையாளம் உண்டு. இவர்களுக்குக் காயத்துக்குக் கீழே ஏதாவது தொந்தரவு நேர்ந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும், தலை வெடிப்பது போல வலிக்கும், முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும். வழக்கமான காரணம் அடைபட்ட கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) அல்லது மலச்சிக்கல். அவை எதுவும் இல்லாமல், உட்காரும்போதெல்லாம் ஏறிப் படுத்தால் இறங்குகிறது என்றால், உள்ளே எலும்பு அசைந்து தூண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இவர்களுடைய இயல்பான ரத்த அழுத்தமே 90, 100 என்று தாழ்ந்திருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு இயல்பாகத் தெரியும் 140 இவர்களுக்கு ஆபத்தான ஏற்றம். கருவியைப் பார்த்துவிட்டு 'பிரஷர் கொஞ்சம்தான் கூட' என்று திருப்பி அனுப்புவது பெரும் தவறு.

எக்ஸ்ரேயில் சிதைவு பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் படுக்க வைத்து எடுத்த படம் மட்டும் போதாது. படுத்திருக்கும்போது ஒழுங்காகத் தெரியும் முதுகு, உட்கார வைத்து எடுத்தால் விரல் மடங்குவது போல மடங்கி நிற்பதைக் காணலாம். சி.டி. ஸ்கேன் எலும்பின் அழிவைத் துல்லியமாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. சுற்றியுள்ள திசுக்களையும் நீர்த் தேக்கத்தையும் காட்டும்.

இந்தியாவில் இந்தப் படங்களைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது காசநோய். இரண்டு முள்ளெலும்புகள் அரிக்கப்பட்டிருக்கின்றன, நடுவில் உள்ள வட்டு (டிஸ்க்) காணாமல் போயிருக்கிறது, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறது. முதுகெலும்புக் காசநோய் சகஜமாக உள்ள நாட்டில் அந்த ஐயம் எழுவது நியாயமானதே. படத்தை மட்டும் வைத்துக் காசநோய் மாத்திரைகளைத் தொடங்கிவிட்டால்தான் சிக்கல். அந்தச் சிகிச்சை ஓர் ஆண்டு வரையோ அதற்கு மேலோ நீளும். நோய் வேறாக இருந்தால், அந்தக் காலம் முழுவதும் எலும்பு தொடர்ந்து நொறுங்கும். மாத்திரைகளின் பக்கவிளைவுகள் மட்டும் மிஞ்சும்.

இரண்டையும் பிரித்தறிய உதவும் தடயங்கள் உண்டு. காசநோய் பெரும்பாலும் முள்ளெலும்பின் முன்பகுதியைத் தாக்கும். பின்னால் உள்ள சிறு மூட்டுகளை அதிகம் தொடாது. சார்கோவில் முன்பகுதி, பின்மூட்டு இரண்டும் சேர்ந்து அழியும். வட்டு இருந்த இடத்தில் காற்றுக் குமிழ் தெரிவதும், எலும்புத் துணுக்குகள் சிதறிக் கிடப்பதும், ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மீதிருந்து வழுக்கியிருப்பதும், ஓரங்களில் எலும்பு கொத்துக் கொத்தாக வளர்ந்திருப்பதும் சார்கோவின் பக்கம் சாய்பவை.

ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போன்ற அளவுகள் உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் கூடும். கதீட்டர் போடுபவருக்குச் சிறுநீர்த் தொற்றோ ஆறாத புண்ணோ இருந்தால், முதுகில் கிருமியே இல்லாமல் அந்த எண்கள் எகிறும். ஆகவே ஊசி வழியாகவோ அறுவை வழியாகவோ திசுவை எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, கிருமி வளர்ப்புக்கும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்பிய பிறகு முடிவெடுப்பதே சரி. ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. சிதைந்த சார்கோ மூட்டில் தேங்கிய நீரில் பின்னர் கிருமி குடியேறுவதும் நடக்கிறது.

சிதைவு சிறிதாக இருந்து, உடல் சரியாமல், நரம்பு மாற்றமும் இல்லாவிட்டால் காத்திருந்து கவனிக்கலாம். உடலைத் தூக்கி மாற்றும் முறையைத் திருத்தலாம். பெல்ட் போட்டுப் பார்க்கலாம். ஆனால் உணர்வில்லாத தோலின் மேல் இறுக்கமான பெல்ட் போடுவது புதிய புண்ணுக்கு வழி செய்யும் என்பதால் அதையும் அளவோடுதான் செய்ய வேண்டும். சிதைவு முற்றியவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் வழி. அது சின்ன அறுவை அல்ல. நொறுங்கிய எலும்பையும் சதையாக வளர்ந்த குப்பையையும் அகற்றி, முன்பக்கம் தாங்கு வைத்து, பின்பக்கம் மேல் முதுகிலிருந்து இடுப்பெலும்பு வரை ஸ்குரூக்களைப் பதித்து, கனமான கம்பிகளால் இணைக்கிறார்கள். சில அறுவை மருத்துவர்கள் இரண்டு கம்பிக்குப் பதில் நான்கு கம்பி வைக்கிறார்கள். குறுகிய அளவில் பொருத்தினால் ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு வரும், கம்பி முறியும் என்ற அனுபவமே இவ்வளவு நீளத்துக்குக் காரணம். இடுப்பெலும்பு வரை போகாமல் நடுவில் நிறுத்தினால், எஞ்சிய கணுவில் இரண்டாவது சார்கோ மூட்டு உருவாகலாம்.

இந்த அறுவை எதைக் கொடுக்கிறது என்று விரிவாகச் சொல்லும் மருத்துவர்கள், அது எதை எடுத்துக்கொள்கிறது என்பதையும் அதே அளவு விரிவாகச் சொல்ல வேண்டும். இடுப்பு வரை முதுகு இறுகிவிட்டால் குனிய முடியாது. குனிய முடியாவிட்டால் பாதத்தை எட்ட முடியாது. தானே கால்சட்டை மாட்ட முடியாது. தரையில் விழுந்ததை எடுக்க முடியாது. கண்ணாடியை வைத்துக்கொண்டு தானே கதீட்டர் செலுத்தி வந்த பெண்ணுக்கு அந்தக் கோணம் கிடைக்காமல் போகலாம். யாருடைய துணையும் இல்லாமல் வாழ்ந்து வந்தவர், நிமிர்ந்து உட்கார்வதற்கு விலையாகக் காலையில் உடுத்தவே ஒருவரை எதிர்பார்க்க நேரலாம். சிலருக்கு நிமிர்ந்து உட்கார்வதே பெரும் மீட்சி, அவர்கள் அந்த விலையை மனதார ஏற்பார்கள். சிலர் ஏற்க மாட்டார்கள். தேதி குறிப்பதற்கு முன் தொழில்வழி சிகிச்சையாளர் ஒருவர் நோயாளியின் ஒரு முழு நாள் வேலைகளை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குனியாமல் எவற்றைச் செய்ய முடியும், எவற்றுக்கு நீண்ட பிடியுள்ள கருவி வேண்டும், எவற்றுக்கு ஆள் வேண்டும் என்பது முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். படுக்கைப்புண்ணை ஆற்றுவதும், சிறுநீர்த் தொற்றை அடக்குவதும், புரதச் சத்தை ஏற்றுவதும் அறுவைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள். இவற்றைப் பொருட்படுத்தாமல் அவசரப்பட்டால் உள்ளே வைத்த உலோகத்தில் கிருமி பற்றும்.

இனி சிரிங்கோமைலியா. இங்கே எலும்பு தப்பிவிடுகிறது, தண்டுவடம் மாட்டிக்கொள்கிறது. காயம் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்து, திசு கரைந்து, சிறு குழி மிஞ்சுகிறது. அதைச் சுற்றிய உறைகள் தழும்பாகி ஒட்டிக்கொள்கின்றன. தண்டுவடத்தைச் சுற்றி மேலும் கீழும் தடையின்றி அலையும் மூளைத் தண்டுவடத் திரவம் அந்த ஒட்டலில் முட்டுகிறது. ஒவ்வோர் இருமலிலும் தும்மலிலும் முக்கலிலும் அழுத்தம் ஏறி, குழிக்குள் இருக்கும் நீர் மேல்நோக்கி மோதி, நல்ல தண்டுவடத்தைப் பிளந்துகொண்டு ஏறுகிறது என்று இங்கிலாந்தின் நரம்பியல் அறுவை மருத்துவர் பெர்னார்ட் வில்லியம்ஸ் விளக்கினார். நீர் எப்படி உள்ளே புகுகிறது என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஒட்டிய இடத்தில் திரவ ஓட்டம் தடைபடுவதுதான் மூலக் காரணம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் தண்டுவடக் காயம் பட்டவர்களில் நூற்றுக்கு இருபது, முப்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் குழி தெரிகிறது. தொல்லை தரும் அளவுக்கு அது வளர்வது நூற்றில் சிலருக்கு மட்டுமே. காயம் பட்ட சில மாதங்களிலும் வரலாம், முப்பது ஆண்டு கழித்தும் வரலாம்.

இந்தக் குழி நடுவில் உருவாவதால் அதன் அடையாளமும் தனித்தன்மை கொண்டது. வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுப்பகுதியில்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாண்டுகின்றன. தொடு உணர்வைக் கொண்டுசெல்பவை பின்பக்கமாக வேறு வழியில் ஏறுகின்றன. குழி விரியும்போது முதலில் அறுபடுபவை நடுவில் தாண்டுபவை. ஆகவே விரலைத் தொட்டால் தெரியும், சூடு தெரியாது. இதுவரை நல்ல நிலையில் இருந்த கையில், தோசைக்கல் பட்ட தழும்போ காபி டம்ளர் சுட்ட கொப்புளமோ இருக்கும்; எப்போது சுட்டது என்று அவருக்கே தெரிந்திருக்காது. பஞ்சால் தடவிப் பார்த்து 'உணர்வு இருக்கிறது' என்று எழுதிவிடும் மருத்துவர் இதைத் தவறவிட்டுவிடுவார். குண்டூசி முனையாலும், வெந்நீரும் குளிர்ந்த நீரும் நிரப்பிய இரண்டு சோதனைக் குழாய்களாலும் தொட்டுப் பார்த்தால் சில நிமிடங்களில் பிடிபடும்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் அறிகுறி வலி. காயத்துக்கு மேலே, கழுத்திலோ தோளிலோ கையிலோ எரிச்சலான வலி வரும். இருமினால், தும்மினால், கழிப்பறையில் முக்கினால் சுள்ளென்று ஏறும். பிறகு மரப்பு மெல்ல மேலேறும். முன்பு மார்புக்காம்பு மட்டத்தில் நின்ற உணர்வெல்லை அக்குளுக்கு ஏறியிருக்கும். கையில் பிடி தளரும். உள்ளங்கைச் சதை வற்றும். முகத்தின் ஒரு பாதி மட்டும் வியர்ப்பதும் உண்டு.

கை பலவீனத்துக்குச் சக்கர நாற்காலிக்காரரிடம் வேறு காரணங்களும் எப்போதும் தயாராக இருப்பதுதான் கஷ்டம். நாள் முழுக்கச் சக்கரத்தைத் தள்ளும் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது மிகச் சாதாரணம். முழங்கையில் நெரிபட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கும். எடையைத் தாங்கித் தாங்கித் தோள்பட்டைத் தசைநாண் கிழிவதும் அடிக்கடி நடக்கிறது. இவை எல்லாம் உண்மையான நோய்கள். இவற்றுக்கு நடுவில் சிரிங்கோமைலியா எளிதாக ஒளிந்துகொள்ளும். நரம்புக் கடத்தல் சோதனை இங்கே உதவும். மணிக்கட்டில் நெரிசல் இல்லை என்று அது சொன்னால் மேலே பார்க்க வேண்டும். மணிக்கட்டில் நெரிசல் இருக்கிறது என்று சொன்னாலும், வெப்ப உணர்வு போயிருந்தால் அப்போதும் மேலே பார்க்க வேண்டும்.

உறுதி செய்வது எம்.ஆர்.ஐ. தான். காயம் பட்ட இடத்தை மட்டும் எடுத்தால் போதாது, கழுத்திலிருந்து கீழ்வரை முழு முதுகெலும்பையும் எடுக்க வேண்டும். திரவத்தின் ஓட்டத்தைப் படம்பிடிக்கும் சிறப்பு முறையும் உண்டு; எந்த மட்டத்தில் ஓட்டம் தடைபடுகிறது என்பதை அது காட்டும். பழைய அறுவையில் ஸ்டீல் கம்பி வைத்திருந்தால் படம் அதைச் சுற்றிக் கலங்கிவிடும். டைட்டேனியம் என்றால் கலக்கம் குறைவு. படம் தேறாதபோது, தண்டுவட உறைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. மைலோகிராம் உதவுகிறது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் இதைத்தான் நம்பியிருந்தார்கள்.

குழி தெரிந்தாலே கத்தி எடுக்க வேண்டும் என்பதில்லை. மாற்றம் எதுவும் இல்லாதவரைக் கவனித்து வந்தாலே போதும். முக்காமல் மலம் கழிக்க வழிசெய்வதும், மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவதைத் தவிர்ப்பதும் நல்லது. பலவீனம் ஏறிக்கொண்டே போனால் அறுவை தேவை. உறையைத் திறந்து, நுண்ணோக்கியின் துணையோடு ஒட்டல்களைப் பிரித்து, தண்டுவடத்தை விடுவித்து, உறைக்கு ஒட்டுத் துணுக்கு வைத்து அகலப்படுத்தித் தைப்பது ஒரு முறை. இதனால் திரவம் மறுபடி ஓட இடம் கிடைக்கிறது. குழிக்குள் மெல்லிய ஷண்ட் குழாயை வைத்து நீரை வெளியே வடிப்பது மற்றொரு முறை. குழாய் போட்டவுடன் குழி சுருங்குவதைப் படத்தில் பார்க்கலாம். ஆனால் குழாய் அடைபடுவதும் இடம் பெயர்வதும் அதிகம், பலருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது. அதனால் ஒட்டலைப் பிரிப்பதை முதலில் செய்து, பலன் இல்லாவிட்டால் ஷண்டுக்குப் போவது பல மையங்களின் வழக்கம். கீழே எந்தச் செயல்பாடும் மிச்சமில்லாத முழுமையான காயத்தில், செயலிழந்த தண்டுவடத்தையே அந்த மட்டத்தில் வெட்டி நீரை வடிய விடுவதும் ஒரு வழி. கேட்பவர் திடுக்கிடுவார். தண்டுவடம் என்றாவது ஒரு நாள் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைச் சுமந்திருப்பவரிடம் இதைப் பேசுவதற்கு மருத்துவருக்குப் பொறுமையும் அன்பும் வேண்டும்.

அறுவையின் நோக்கத்தை முன்னதாகவே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போன பலம் முழுவதும் திரும்புவது அரிது. வலி குறையலாம், கையின் வலு ஓரளவு மீளலாம். மரத்துப்போன உணர்வு அந்த அளவுக்கு மீள்வதில்லை. மேலும் மோசமாகாமல் நிறுத்துவதே முதல் குறி. ஆகையால்தான் காலதாமதத்துக்கு இங்கே இவ்வளவு பெரிய விலை. கழுத்தில் காயம் பட்டும் முழங்கையை மடக்கும் சக்தி மிச்சமிருப்பவர் அதைக்கொண்டுதான் சாப்பிடுகிறார், சக்கரத்தைத் தள்ளுகிறார், போனைப் பிடிக்கிறார். அதற்கும் மேலே ஒரு கணு அளவு போனால், அவருக்கு அது இரண்டாவது விபத்து.

தண்டுவடம் தழும்பில் ஒட்டி இழுபடுவது குழி இல்லாமலும் நேரலாம். அறிகுறிகளும் சிகிச்சையும் ஏறக்குறைய இவையே. காயம் பட்ட முதல் சில வாரங்களிலேயே, காரணம் புலப்படாமல், இழப்பு நான்கு கணு அல்லது அதற்கு மேலும் ஏறிவிடும் மிக அரிய நிலை ஒன்றும் இருக்கிறது. ஸ்டோக் மாண்டவில்லின் மருத்துவர் ஃபிராங்கெல் 1969-இல் அதை விவரித்தார். அதற்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இன்னும் இல்லை. உயிரைக் காப்பதும் மூச்சைக் காப்பதுமே முதல் வேலை.

இவற்றையெல்லாம் காலத்தில் பிடிக்க வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவு ஒன்று கையில் இருக்க வேண்டும். தண்டுவடக் காயத்துக்கு உலகெங்கும் ஒரே மதிப்பீட்டுத் தாள் இருக்கிறது. உடலின் ஒவ்வொரு பக்கமும் 28 இடங்களில் பஞ்சாலும் ஊசியாலும் தொட்டு 0, 1, 2 என்று மதிப்பெண் இடுவார்கள். ஒவ்வொரு பக்கமும் 10 தசைகளின் வலுவை 0 முதல் 5 வரை குறிப்பார்கள். ஒரு பக்கத் தாள்தான். வீடு திரும்பும்போது நோயாளிக்கு அதன் நகல் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதையே மறுபடி நிரப்ப வேண்டும். ஊசி உணர்வில் இரண்டு இடம் குறைந்திருக்கிறது என்பதைத் தாள் காட்டிவிடும். தாள் இல்லையென்றால், 'முன்பு எப்படி இருந்தது?' என்ற கேள்விக்கு மனைவியோ அம்மாவோ நினைவிலிருந்து சொல்லும் பதிலைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

தண்டுவடக் காயம் பட்டவர்களின் மறுவாழ்வுக்கு வேலூரில் ஒரு வரலாறே உண்டு. மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடக் காயம் பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையை வளர்த்தார். அங்கே 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் பயிற்சி பெற்று வெளியே போகிறவர்களின் பெருங்கவலை, ஊருக்குப் போன பிறகு யாரிடம் காட்டுவது என்பதுதான். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் இருக்கிறார். சில இடங்களில் நரம்பியல் மருத்துவரும் இருக்கிறார். அவர்கள் ஆண்டு முழுவதும் பார்க்கும் நோயாளிகளில் சார்கோ முதுகெலும்பு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அதனால் கவனித்துச் சொல்லும் பொறுப்பு பெருமளவு நோயாளியிடமும் வீட்டாரிடமும் விழுகிறது. இது நியாயமான ஏற்பாடு அல்ல, ஆனால் இன்றைய நிலை இதுதான்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது 'முதுகு சரியில்லை' என்று மட்டும் சொல்லாமல், என்ன மாறியது, எப்போதிலிருந்து, எதைச் செய்தால் கூடுகிறது என்று சொன்னால் வேலை எளிதாகும். நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் பின்னாலிருந்து எடுத்த புகைப்படம், கட்டிலுக்கு மாறும்போது வரும் சத்தத்தைப் பதிவு செய்த வீடியோ, படுத்தபோதும் உட்கார்ந்தபோதும் பார்த்த ரத்த அழுத்தக் குறிப்பு ஆகியவை எந்தப் போனிலும் எடுக்கக்கூடியவை. பழைய எக்ஸ்ரேயையும், வைத்த கம்பி எந்த உலோகம் என்று எழுதியிருக்கும் அறுவைச் சீட்டையும் தூக்கி எறியாமல் எடுத்துச் செல்ல வேண்டும். உட்கார வைத்து எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் நேராகக் கேட்கலாம். சூடு, குளிர் உணர்வைச் சோதித்துப் பாருங்கள் என்றும் கேட்கலாம். கை வலு சில நாட்களுக்குள் வேகமாகக் குறைந்தால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால், அல்லது தலைவலியோடு ரத்த அழுத்தம் ஏறி, நிமிர்த்தி உட்கார வைத்துக் கதீட்டரைச் சரிபார்த்தும் இறங்காவிட்டால், வெளிநோயாளிப் பிரிவின் வரிசையில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.